எட்டு ஐஸ் பைகள்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் குதிகால் வெடிப்பு ஆறியதா என்று அம்மா மூன்றாவது தடவையாகக் கேட்கச் சொல்கிறாள். குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்ப்பவள் இரண்டு காலுறை போடக்கூடாதா என்பது அவள் புலம்பல். அதற்குப் பதிலை அவளுக்கே எழுது, என்னை நடுவில் இழுத்துவிடாதே.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். உங்கள் விடுதியில் இருப்பது ஒரே போன். வரிசையில் உனக்குப் பின்னால் நிற்பவள் நம் வீட்டுக் கதையை ஒன்று விடாமல் கேட்டுவிட்டு யோசனை வேறு சொல்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரிக்குப் பின்னால் ஒரு பெரிய சலவைக்கூடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் விரிப்புகளும் மலை மலையாக வரும். வேலை செய்பவர்கள் எல்லாரும் பெண்கள். அவர்களிலும் அவர்கள் வீட்டுப் பெண்களிலும் ஒருவர்கூடக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி போட்டதில்லை. காசு கொடுத்துப் போட அவர்களால் முடியாது. நாங்கள் ஆள் சேர்த்து, இடமும் பார்த்துக் கொடுத்தால் மருந்தை இலவசமாகத் தருவதாகச் சுகாதாரத் துறை சொல்லியிருக்கிறது. ஒன்பது வயதிலிருந்து இருபத்தாறு வரை. ஊசி போடுவது நர்ஸம்மா. மற்றதெல்லாம் நான். மருந்தியல் இரண்டாம் ஆண்டு மாணவியை நம்பி இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்திருக்கிறார்கள், அக்கா!

அங்கே துணிக்குக் கஞ்சி போடும் தொட்டிக்குப் பொறுப்பாக ஒரு அம்மாள் இருக்கிறாள். எல்லாரும் கஞ்சிக்கார அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் தலையசைத்தால்தான் அங்கே எதுவும் நடக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த ஊசி போட்டா பிள்ளை பொறக்காதுன்னு சொல்றாங்களே, நீ போட்டுக்கிட்டியா?" என்றாள். என் தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் திருப்பிப் பார்த்தாள். "சரி, நான் சொல்றேன், வருவாங்க. ஆனா என் பேச்சு கெட்டுப்போச்சுன்னு வை, உன்னை இந்தத் தொட்டியிலேயே முக்கி எடுத்துடுவேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாதி உண்மை என்று தோன்றியது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


மார்ச் 11

அடி வாயாடி,

குதிகால் பரவாயில்லை. இப்போது இடது கை சுண்டு விரல்தான் சண்டித்தனம் செய்கிறது. அம்மாவிடம் சொல்லித் தொலைக்காதே.

நீ ஆள் சேர்க்கப் போகிறாய் என்று படித்ததும் தனியாகச் சிரித்தேன். விருந்தாளி வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் பெண்ணா இது? அந்தக் கஞ்சிக்கார அக்காவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவளிடம் மரியாதையாக இரு. அப்படிப்பட்டவர்கள் ஒரு தடவைதான் நம்புவார்கள்.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே மூச்சு புகையாக வருகிறது. ஒரு நாளைக்கு எட்டு முறை இரண்டுக்கும் நடுவே போய் வருகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்ததும் விவரமாக எழுது. அம்மாவின் கண் சொட்டு மருந்து தீர்வதற்குள் வாங்கிவிடு.

அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? இங்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. முகாம் முடிந்தது. எழுபத்து நாலு பேர்!

ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும் கூடத்தைக் காலி செய்து கொடுத்தார்கள். நீள மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வெள்ளை விரிப்புகளைக் கொடியில் போட்டு மறைப்புக் கட்டினோம். ஊசி போட்டவர்களைக் கால் மணி நேரம் உட்காரவைக்க வேண்டும். சும்மா உட்காரத் தெரியாத பெண்கள், அந்த நேரத்தில் இரண்டிரண்டு பேராக நின்று விரிப்பு மடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நர்ஸம்மா போட்ட அதட்டலில்தான் உட்கார்ந்தார்கள். ஒன்பது வயதுக் குட்டி ஒன்று "எனக்குப் பயமே இல்லை" என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை வரிசையின் கடைசிக்குப் போனது. கஞ்சிக்கார அக்காவுக்கு வயது தாண்டிவிட்டது, ஊசி கிடையாது. ஆனாலும் கடைசிவரை வாசலில் நின்று ஒருத்தியையும் நழுவ விடவில்லை.

உன்னிடம் பீற்றிக்கொள்ள ஒன்று இருக்கிறது. போன வருடம் வேறு ஒரு குழு, மருந்தை வெயிலில் கெடுத்து மொத்தமாகக் கொட்டிவிட்டதாம். அதனால் குளிர்ப் பெட்டியை நானே அடுக்கினேன். பெட்டியோடு நாலு ஐஸ் பைதான் தந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆய்வகத்தில் கெஞ்சி இன்னும் எட்டு வாங்கினேன். உறைபெட்டியிலிருந்து கல் மாதிரி எடுத்து, அப்படியே மருந்துக் குப்பிகளைச் சுற்றிலும் மேலும் கீழும் நெருக்கி வைத்தேன். சாயங்காலம் வரை ஒரு பைகூட உருகவில்லை! நர்ஸம்மா குப்பியை எடுக்கும்போதெல்லாம் "அம்மாடி, விரல் மரத்துப்போகுதே" என்று கையை உதறிவிட்டு, குப்பியை உள்ளங்கையில் உருட்டிய பிறகுதான் ஊசியில் ஏற்றினாள். என் அக்காவுக்குத் தங்கை என்று நிரூபித்துவிட்டேன்.

அம்மா உனக்கு ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை பின்னுகிறாள். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வருகிறது. பாராட்டிவிடு.

உன் தங்கை


ஏப்ரல் 15

என் தங்கமே,

எழுபத்து நாலு பேர். கடிதத்தை விடுதியில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். வரிசையின் கடைசிக்குப் போன குட்டியை நினைத்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ நன்றாக இருப்பாய்.

சும்மா ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. குப்பிகள் ஐஸை நேராகத் தொட்டுக்கொண்டா இருந்தன? நடுவில் அட்டையோ துணியோ வைத்தாயா? எங்கள் கிடங்கில் சில பெட்டிகளைக் காற்று ஊதும் சுவர்ப் பக்கம் வைக்கவே கூடாது. குளிர வேண்டும், ஆனால் உறையக் கூடாது என்று எழுதியிருக்கும். மருந்துக்கு அப்படி இருக்குமா என்று எனக்குத் தெரியாது. நீ படித்தவள்.

அம்மாவுக்கு என் அன்பு. காலுறை எந்த அளவில் வந்தாலும் போட்டுக்கொள்கிறேன்.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதம், மன்னித்துக்கொள். தேர்வு நெருங்குகிறது. அம்மாவின் கண் பரவாயில்லை, சொட்டு மருந்து வாங்கியாயிற்று. மாடி வீட்டுக்காரர்கள் தண்ணீர்த் தொட்டியை மாற்றினார்கள், இரண்டு நாள் ஒரே சத்தம். தூக்கம் சரியாக இல்லை, அது சத்தத்தால்தான். பக்கத்து வீட்டுப் பூனை நம் துணிக் கூடைக்குள் மூன்று குட்டி போட்டிருக்கிறது.

வேறு ஒன்றும் இல்லை.

உன் தங்கை


மே 12

தங்கைக்கு,

நான் சுகம். நீ சுகமில்லை. பூனை போட்ட குட்டியைக்கூட எண்ணி எழுதியவள் நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் எழுதவில்லை. என்னிடமே காது குத்துகிறாயா? உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான்.

மருந்து உறைந்துவிட்டது, இல்லையா?

இப்போது நான் சொல்வதைக் கேள். அழாதே. நடந்தது நடந்துவிட்டது. யாருக்கும் காய்ச்சல் இல்லை, மயக்கம் இல்லை, யாரும் உன்னைக் கேட்கவும் இல்லை. பேசாமல் இரு. படிப்பை முடி. வேலைக்குப் போன பிறகு எழுநூறு பேருக்கு ஒழுங்காகச் செய்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. போன வருடம் இங்கே என்ன நடந்தது தெரியுமா? மூன்றாம் அறைக் கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்து ஒரு அறைச் சரக்கு முழுவதும் கெட்டுப்போனது. என்னோடு வேலை செய்த ஒருத்தி, "நான்தான் சாத்தாம விட்டிருப்பேன்" என்று தானாகப் போய்ச் சொன்னாள். அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். பேருந்து நிலையம் வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். உண்மை சொன்னதற்கு அவளுக்குக் கிடைத்தது அதுதான். உனக்கு அது வேண்டாம்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

கிழிக்கவில்லை.

உன் கேள்வியைப் படித்த அன்றே ஓடிப்போய்ப் பெட்டியைத் தேடி எடுத்தேன். பெட்டியோடு வந்த காகிதத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். ஐஸ் பையை வெளியே வைத்து, அது வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் வரை காத்திருந்த பிறகுதான் அடுக்க வேண்டுமாம். உறைந்த மருந்து உடம்பைக் கெடுக்காது, ஆனால் காக்கவும் காக்காது.

மீந்த குப்பிகள் ஆறு கல்லூரியில் இருந்தன. அதில் ஒன்றையும் நல்ல குப்பி ஒன்றையும் சேர்த்துக் குலுக்கி மேசைமேல் வைத்தேன். நல்லது கலங்கினபடியே இருந்தது. என்னுடையது அரை மணி நேரத்தில் தெளிந்து, அடியில் தூள் படிந்துவிட்டது. ஆறிலும் அப்படித்தான்.

முகாமுக்குப் பொறுப்பான எங்கள் பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பெட்டியைத் தானும் பார்த்திருக்க வேண்டும் என்றார். மறுபடி போட்டால் கெடுதல் இல்லை, மருந்தும் கிடைக்கும். ஆனால் கல்லூரி அலுவலகத்தில் ஒரு யோசனை சொல்கிறார்கள். "கூடுதல் பாதுகாப்புக்கு இன்னும் ஒரு ஊசி" என்று அறிவித்தால் போதுமாம். காரணம் சொல்ல வேண்டாமாம். யாருக்கும் கெட்ட பெயர் இல்லை, நீ சொன்ன மாதிரியே.

அன்று முழுக்க அது எனக்கும் இனித்தது, அக்கா. பிறகு யோசித்துப் பார்த்தேன். கூடுதல் என்றால் யார் வருவார்கள்? ஒரு நாள் ஓய்வை ஏன் விட வேண்டும், ஒரு தடவை குத்தியதே போதும் என்று பாதிப் பேர் வீட்டில் இருந்துவிடுவார்கள். தங்களுக்கு ஒன்றும் வராது என்ற நம்பிக்கையோடு வாழ்நாள் முழுக்க இருப்பார்கள். அவர்கள் உடம்பில் இருப்பது வெறும் தண்ணீர் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இருபது வருடம் கழித்து ஒருத்திக்கு வந்தால்?

அதனால் வீடு வீடாகப் போய்ச் சொல்லப் போகிறேன். கல்லூரியில் நடவடிக்கை எடுத்தால் எடுக்கட்டும். கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் தங்கை


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன்னிடமிருந்து நாலு வாரமாக ஒரு வரி இல்லை. கோபமா, உடம்பு சரியில்லையா? அம்மாவிடம் போனில் "அவளுக்கு எழுதுறேன்" என்று மட்டும் சொன்னாயாம். நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன்.

முதலில் கஞ்சிக்கார அக்கா வீட்டுக்குத்தான் போனேன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. பிறகு, "எத்தனை பேரு?" என்றாள். "எழுபத்து நாலு பேர், அக்கா" என்றேன். "அத்தனை பேரும் என் பேச்சைக் கேட்டு வந்தவங்க. எந்திரிச்சுப் போ" என்றாள். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

பேராசிரியை கூட வருகிறேன் என்றார். ஆறு பேர் வீட்டுக்கு வந்தார். மீதி நான் தனியாக. ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒருத்தியின் மாமியார், "எலிக்குப் பதிலா எங்களை வச்சுப் பழகுறீங்களா?" என்று கேட்டாள். ஒருத்தி தன் மகளின் கையை, ஊசி போட்ட இடத்தை, தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பன்னிரண்டு நாளில் எழுபத்து மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். ஒரு பெண்ணின் குடும்பம் மட்டும் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. எங்கே என்று தேடுகிறேன்.

கல்லூரியில் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். இந்த வருடம் எனக்கு வேறு முகாம் கிடையாது. இதை மட்டும் முடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஜூலை கடைசி ஞாயிறு, மறுபடி ஊசி. யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது.

எழுது, அக்கா. திட்டியாவது எழுது.

உன் தங்கை


ஜூலை 1

தங்கைக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். உன்மேல் கோபமும் இல்லை.

மூன்றாம் அறைக் கதவைப் பற்றி எழுதினேன் அல்லவா? அதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அன்று அந்த அறையிலிருந்து கடைசியாக வெளியே வந்தது அவள் இல்லை, நான். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு முழங்கையால் கதவைத் தள்ளினேன். அது பூட்டியதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தான்தான் என்று நிஜமாகவே நினைத்துப் போய் ஒப்புக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. பேருந்து நிலையத்தில் அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

உனக்குப் பேசாமல் இரு என்று எழுதியது உன்னைக் காப்பாற்றுவதற்கு என்றுதான் நினைத்தேன். நீ பேசிவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயமும் அதில் இருந்திருக்கிறது. உன் மே மாதக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் கிடந்தேன்.

போன திங்கட்கிழமை மேலாளரிடம் சொல்லிவிட்டேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். இரண்டு நாள் காக்கவைத்தார்கள். வேலை போகவில்லை. என்னைப் பொறுப்பிலிருந்து இறக்கி மீண்டும் மூட்டை அடுக்க விட்டிருக்கிறார்கள். அவளைத் திரும்பக் கூப்பிட்டுக் கடிதம் போட்டிருக்கிறார்கள். நானும் தனியாக ஒன்று எழுதியிருக்கிறேன். அவள் வருவாளோ மாட்டாளோ.

கடைசி ஞாயிறு அன்று வேலை முழுக்க உன்னையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அக்கா


ஜூலை 29

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை. நானே நாலு தடவை படித்தேன். பக்கத்தில் இருந்திருந்தால் உன்னைக் கட்டிக்கொண்டிருப்பேன். சுண்டு விரல் எப்படி இருக்கிறது?

ஞாயிறு காலை எட்டு மணிக்கே கூடத்தில் இருந்தோம். ஒன்பது மணி. யாரும் இல்லை. ஒன்பதரை. நர்ஸம்மா பஞ்சை எண்ணினாள், பேராசிரியை கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்தார். பத்து மணிக்கு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கொடியில் போட்ட விரிப்பைச் சரிசெய்கிற சாக்கில் அதன் பின்னால் போய் நின்றேன்.

வெளியே செருப்புச் சத்தம். கஞ்சிக்கார அக்கா. அவளுக்குப் பின்னால் தெருவே வந்திருந்தது. உள்ளே வந்தவள் என்னைப் பார்க்கவில்லை, நேராகப் பெட்டியிடம் போனாள்.

"திற."

திறந்தேன்.

"ஐஸை எடு. ஆட்டு."

ஒரு பையை எடுத்து ஆட்டினேன். உள்ளே தண்ணீர் குலுங்கியது. அவள் அதை வாங்கித் தன் காதருகே வைத்து மறுபடி ஆட்டினாள். குப்பிகளுக்கும் பைகளுக்கும் நடுவே இருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் வாசலைப் பார்த்து, "வாங்கடி. ஒவ்வொருத்தியும் ஆட்டிப் பாத்துட்டுப் போய் உக்காருங்க" என்றாள்.

எல்லாரும் ஆட்டினார்கள், அக்கா. "எலிக்குப் பதிலா" என்று கேட்ட மாமியார் இரண்டு தடவை ஆட்டினாள். எல்லாரும் ஆட்டி முடித்தபோது பை முழுக்கத் தண்ணீராகிவிட்டது, வேறு வைக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் அவளிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "முப்பது வருஷமா எத்தனையோ பேரு வந்து ஊசி, மாத்திரை, சோப்புன்னு குடுத்துட்டு போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. தப்பா குடுத்துட்டேன்னு திரும்பி வந்தவ நீ ஒருத்திதான். உன்னைத் தொட்டியில முக்கலாம்னு பத்து நாள் நினைச்சேன். அப்புறம் பொண்ணுங்களை யோசிச்சேன்" என்றாள்.

எழுபத்து மூன்று பேரும் போட்டுக்கொண்டார்கள். ஆனால் காகிதத்தில் ஒரு பெயர் நிற்கிறது. வீட்டைக் காலி செய்துகொண்டு போன பெண். பத்தொன்பது வயது, நெற்றியில் சின்னத் தழும்பு. விசாரித்துவிட்டேன். இப்போது உன் ஊருக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறாள். முகவரியை இதோடு வைத்திருக்கிறேன். போன் கிடையாது. கடிதம் போட்டால் படித்துக் காட்ட ஆள் தேட வேண்டும்.

என்னால் வர முடியாது, தேர்வு. அக்கா, நீ போய்ச் சொல்கிறாயா?

உன் தங்கை


ஆகஸ்ட் 19

அன்புள்ள வாயாடிக்கு,

விரல் சுகம், அம்மாவின் காலுறை சுகம். பெரியதை வலது காலுக்கும் சிறியதை இடது காலுக்கும் போட்டுக்கொள்கிறேன்.

போன ஞாயிறு போனேன். சொன்னால் சிரிப்பாய், தொழிற்சாலை வாசல் வரை போய்விட்டு இரண்டு தடவை பேருந்து நிறுத்தத்துக்கே திரும்பினேன். நீ எழுபத்து மூன்று வாசலில் எப்படி நின்றாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்றாவது தடவை வேலை முடிந்து பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். தழும்பை வைத்துக் கண்டுபிடித்தேன். தலையெல்லாம் மாவு.

"உனக்குப் போட்ட ஊசி வேலை செய்யாதும்மா. மருந்து கெட்டுப்போயிருந்தது. கெடுத்தது என் தங்கச்சி. அவளே சொல்லச் சொன்னா" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அந்தப் பெண் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள். "அன்னைக்கு ரெண்டு நாள் கை வலிச்சுதே, அதெல்லாம் சும்மாவா?" என்றாள். ஆமாம் என்றேன். சிரித்துவிட்டாள். இதைச் சொல்வதற்காகவா ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டாள்.

அந்த ஊர்ச் சுகாதார நிலையத்தில் புதன்கிழமைகளில் ஊசி போடுகிறார்களாம். தனியாகப் போகப் பயம் என்றாள். புதன்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடப் போனேன். அவள் முறை வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "உங்களுக்குப் போட்டாச்சாக்கா?" என்று அவள் கேட்டாள். ஊருக்கெல்லாம் ஊசி போட்ட உனக்கு, வீட்டில் ஒருத்தி போடாமல் இருப்பது தோன்றவே இல்லை, எனக்கும்தான் தோன்றவில்லை. வயதைச் சொன்னேன். இருபத்தாறு முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்று நர்ஸ் கணக்குப் போட்டாள்.

எனக்கு ஊசி என்றால் உயிர் போகும் என்று யாருக்கும் தெரியாது. உனக்கும் சொன்னதில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். வேலையிலிருந்து நேராக வந்த மாவுக் கையால் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ்ளோதான்கா, முடிஞ்சுது" என்றாள்.

கதவு விஷயத்தில் போனவள் திரும்பி வந்துவிட்டாள். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நேற்று பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அம்மாவுக்கு என் அன்பு. உன் காகிதத்தில் நின்ற கடைசிப் பெயரை அடித்துவிடு. அதற்குக் கீழே இடம் இருந்தால் என்னையும் எழுதி, அதையும் அடித்துவிடு.

அக்கா